ஒரு பாய் இடம், இருபது லிட்டர் தண்ணீர்

வடசென்னையில் பல வீடுகளுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 20 கிலோ எடை வாசல்தேடி வருகிறது. தண்ணி கேன்தான். கேன் போடும் தம்பி அதைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்து, "எங்க வைக்கணும்ணா?" என்று கேட்கிறார். நாம் ஸ்டாண்டைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே இதை நிறுத்துப் பார்க்கத் தராசுகூட வேண்டாம். ஜிம்மில் '20' என்று பொறித்த இரும்புத் தட்டையும் இந்த நீலக் கேனையும் நம் தசை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. வீட்டில் உடற்பயிற்சிக்கு ஓர் இடம் ஒதுக்க நினைத்து, விலைப்பட்டியலைப் பார்த்து மலைத்து நிற்பவருக்கு நான் முதலில் காட்ட நினைப்பது அந்தக் கேனைத்தான்.

தசைக்குத் தெரிவது இழுவிசை மட்டும். தசை நார்கள் கட்டுக் கட்டாக நரம்புகளோடு இணைந்திருக்கின்றன. ஒரு நரம்பு செல்லுக்கு ஒரு கட்டு. எல்லாக் கட்டுகளும் எப்போதும் வேலைக்கு வருவதில்லை. டம்ளரைத் தூக்கும்போது சிறிய கட்டுகள் மட்டும் வரும். சுமை கூடக் கூடத்தான் பெரிய, வலுவான கட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கும். பூனைகளின் நரம்புகளை ஆராய்ந்து இந்த வரிசை ஒழுங்கை 1950களிலும் 60களிலும் நிறுவியவர் அமெரிக்க அறிவியலாளர் எல்வுட் ஹென்னமன். அப்படியானால் பெரிய கட்டுகளை எழுப்பக் கனமான இரும்பு வேண்டும்தானே என்று தோன்றும். அங்கேதான் உடல் நமக்கு ஒரு சலுகை தருகிறது. இலேசான சுமையையே கை ஓயும்வரை திரும்பத் திரும்பத் தூக்கினால் சிறிய கட்டுகள் களைத்துப்போகும். அவற்றின் இடத்துக்குப் பெரியவை வந்தே ஆகவேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பிலிப்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 விழுக்காட்டைத் தூக்கிய கால்களும், வெறும் 30 விழுக்காட்டை ஓயும்வரை தூக்கிய கால்களும் பத்து வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு தசை வளர்ந்திருந்தன. உச்ச எடையைத் தூக்கும் திறன் மட்டும் கனமாகத் தூக்கியவர்களுக்குக் கூடுதலாக வந்தது. பளுதூக்கும் போட்டிக்குப் போகிறவர் இரும்பு வாங்கட்டும். மற்றவர்களுக்குக் கேன் போதும்.

கேனுக்கும் முன்னால் நம் உடம்பே ஒரு சுமை. தண்டால் எடுக்கும் நிலையில் உடல் எடையில் எத்தனை பங்கு கைகளில் இறங்குகிறது என்று விசைப் பலகை வைத்து அளந்திருக்கிறார்கள். வழக்கமான நிலையில் 64 விழுக்காடு. முழங்காலை ஊன்றினால் 49. கைகளை 60 சென்டிமீட்டர் உயரமான திட்டில் ஊன்றினால் 41. கால்களை அதே உயரத்தில் வைத்துக் கைகளைத் தரையில் ஊன்றினால் 74. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது முறையே 38, 29, 25, 44 கிலோ. நான்கு வெவ்வேறு எடைகளை ஒரு மாடிப்படி இலவசமாகத் தருகிறது. ஆறாவது படியில் கை ஊன்றித் தொடங்குங்கள். வாரக்கணக்கில் ஒவ்வொரு படியாக இறங்கித் தரைக்கு வாருங்கள். பிறகு காலைப் படியேற்றுங்கள். சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டுவதுதான் இந்தக் கலையின் முழு இரகசியம். தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கப் பழகியவர்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

சுமைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு பழையது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தாத்தா காலத்து ஆட்களுக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. ஹார்பரில் மூட்டை தூக்கினார்கள், கடலில் வலை இழுத்தார்கள். அதற்கு மேல் தெம்பு மிஞ்சியவர்கள் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் சேர்ந்து கோதாவில் இறங்கினார்கள். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான முதுகுகள் சுமந்ததை ஒரு கிரேன் ஒரே பெட்டியாகத் தூக்கத் தொடங்கியது. அந்த முதுகுகளின் பேரன்கள் இன்று டிரெய்லர் ஓட்டுகிறார்கள், கணினி முன் உட்கார்ந்து சரக்குக் கணக்கு எழுதுகிறார்கள்.

உலகின் மறுகோடியில் இன்னொரு துறைமுகத்தில் இந்த மாற்றம் உடலுக்கு என்ன செய்யும் என்று ஒருவர் எண்ணிப் பார்த்தார். ரால்ஃப் பாஃபன்பர்கர் சான் பிரான்சிஸ்கோவின் கப்பல்துறைத் தொழிலாளர்கள் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1975இல் முடிவை வெளியிட்டார். கடினமாகச் சுமந்தவர்கள் மாரடைப்பால் இறந்த வீதம், இலகுவான வேலை பார்த்தவர்களின் வீதத்தில் ஏறத்தாழப் பாதிதான். அதற்காக மூட்டை தூக்கும் நாட்கள் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் ஓய்வில்லாமல், விருப்பமில்லாமல் சுமப்பது முழங்காலையும் நடுமுதுகையும் தின்றுவிடும். அந்தத் தாத்தாக்களின் நடையே அதற்குச் சாட்சி. ஆனால் வேலையிலிருந்து போன சுமையில் ஒரு சிறு பங்கை, நாற்பது நிமிடமாக, இடையிடையே ஓய்வோடு வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது.

சர்க்கரை நோய் இதை இன்னும் அவசரமாக்குகிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரத்தத்தில் மிதக்கும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் மிகப் பெரிய கிடங்கு தசைதான். அதன் கதவுகளைத் திறக்கும் சாவி இன்சுலின் என்று பள்ளியில் படித்திருப்போம். தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே அதே கதவுகள் திறக்கின்றன என்பது பாடப்புத்தகத்தில் அவ்வளவாக வராத செய்தி. சோற்றுக்குப் பின் பத்து முறை உட்கார்ந்து எழுந்தாலும் அந்தக் கதவு அசைகிறது. வயதாகிவிட்டது என்று அம்மாவை இதிலிருந்து ஒதுக்கவும் வேண்டாம். 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில் சராசரி 90 வயதான பத்து முதியோருக்கு எட்டு வாரம் கால்வலுப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஒரு நாற்காலியும் பிடித்துக்கொள்ளச் சுவரும் இருந்தால் அம்மாவின் ஜிம் தயார்.

சரி, பொருட்களுக்கு வருவோம். இந்தப் பகுதியின் செல்வம் பழைய பொருள்தான். மொட்டை மாடிகளில் பரவலாகப் பார்த்திருப்பீர்கள்: இரண்டு பெயிண்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றி, நடுவில் ஒரு கம்பியைச் செருகிய பார்பெல். அதன் எடையைக் கணக்கிடுவது எளிது. கான்கிரீட் லிட்டருக்குச் சுமார் 2.4 கிலோ. நாலு லிட்டர் டப்பா ஒன்று ஒன்பதரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட வரும். கம்பிக்கு, கம்பி கட்டும் தொழிலாளர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான சூத்திரம் இருக்கிறது. மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் கம்பியென்றால் 3.86 கிலோ. ஒன்றரை மீட்டர் துண்டு 5.8 கிலோ. ஆக மொத்தம் 25 கிலோ பார்பெல். முறுக்குக் கம்பியின் வரிகள் உள்ளங்கையைக் கிழிக்கும் என்பதால் பிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். இரண்டு டப்பாவும் ஒரே எடைதானா என்று கான்கிரீட் ஊற்றும்போதே பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனியில் இருக்கும் அரைக் கிலோ வித்தியாசம் நெம்புகோல் நீளத்தால் பெருகி ஒரு பக்கத் தோளை மட்டும் வதைக்கும்.

ஆனாலும் எனக்கு இந்தக் கான்கிரீட் பார்பெல்லில் ஒரு குறை உண்டு. உறைந்த எடை உறைந்ததுதான், ஏறாது. கேனில் அந்தத் தொல்லை இல்லை. எட்டு லிட்டரில் தொடங்கி வாரம் ஒரு லிட்டர் சேர்த்தால் மூன்று மாதத்தில் இருபது நிறைந்துவிடும். பாதி நிறைந்த கேனுக்குள் தண்ணீர் அலைமோதும்போது அதன் எடை மையம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுப்படுத்த முதுகையும் இடுப்பையும் சுற்றியுள்ள சிறு தசைகள் விழித்துக்கொள்ளும். இடுப்பில் குடம் சுமந்த நம் பெண்களுக்கு இந்த இயற்பியல் பழக்கம்தான். முதுகை வளைக்காமல், இடுப்பை மடக்கி, கேனை உடம்போடு ஒட்டித் தூக்கவேண்டும். கேன் முன்னால் தள்ளிப்போகும் ஒவ்வொரு சாணுக்கும் கீழ்முதுகு கொடுக்கும் விலை கூடும்.

சைக்கிள் டியூபே தனியாக ஒரு கருவி. இரும்பின் எடை முதலிலிருந்து முடிவுவரை ஒன்றுதான். ரப்பரோ நீள நீள முறுக்கேறும். ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்தால் படகில் துடுப்புப் போடுவதுபோல மேல்முதுகுக்கு வேலை கிடைக்கும். மாடி வெயிலில் அதைப் போட்டுவைக்காதீர்கள். புற ஊதாக் கதிரும் ஓசோனும் ரப்பரில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். இழுக்கும்போது அறுந்தால் நேராக முகத்துக்கு வரும். காசிமேட்டில் படகிலிருந்து கழித்த தடித்த கயிறு கிடைத்தால் ஒரு தூணில் சுற்றி இரு முனைகளையும் பிடித்து அலையடிக்கலாம். பெரிய ஜிம்களில் இதற்கென்றே தனிக் கயிறு விற்கிறார்கள். கயிறு எவ்வளவு கனமோ அவ்வளவு ஆற்றல் ஒவ்வோர் அலைக்கும் தேவை. பத்து அலைக்குள் மூச்சு வாங்கும். உப்பேறிய கயிற்றை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டபின் கைவையுங்கள். குத்துப்பை வேண்டுமென்றால் கோணியில் மணலை மட்டும் நிரப்பாதீர்கள். மணல் நாளடைவில் அடியில் இறங்கிக் கல்லாக இறுகி மணிக்கட்டை உடைக்கும். ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட்டை இறுக்கி அடைத்தால் குத்து உள்வாங்கும்.

இதுவரை சொன்ன எதற்கும் பெரிய செலவில்லை. கையில் இருக்கும் பணத்தைத் தரைக்குச் செலவிடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. இதைச் சற்று விளக்கியாக வேண்டும்.

இருபது கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தவறவிடுகிறீர்கள் என்று வையுங்கள். விழும் பொருள் சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதையும் நிற்கும் தூரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். தரை இறுகலாக இருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் அது நின்றால், அந்தக் கணத்தில் தரை தாங்கும் சராசரி விசை சுமார் இரண்டு டன். அதே எடை ரப்பரில் அமிழ்ந்து ஐந்து சென்டிமீட்டரில் நின்றால் அது 420 கிலோவாக இறங்கிவிடும். பழைய லாரி டயரை அறுத்துப் பரப்பியோ, தொழிற்சாலைகள் கழிக்கும் கன்வேயர் பெல்ட் துண்டை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டோ இந்தத் தூரத்தைக் கூட்டலாம். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடி சதுர மீட்டருக்கு 150 கிலோவையும், வீட்டு அறைகள் 200 கிலோவையும் தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. நிற்கிற எடைக்கு இது போதும். விழுகிற எடைக்கு யாரும் உறுதி சொல்லவில்லை.

கடலோரத்தில் இன்னொரு எதிரியும் உண்டு. உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது மேலிருக்கும் காரையைப் பிளந்து தள்ளும். திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் பழைய குடியிருப்புகளின் கூரையடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிவது இதனால்தான். ஆகவே எடையைத் தூக்கி மாடியேறுமுன் கீழே போய், அந்தத் தளத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வழியே பழுப்பு நிறக் கீறல் தெரிந்தாலோ, தட்டினால் பொள்ளென்று ஒலித்தாலோ அந்த இடத்தில் பயிற்சி வேண்டாம். நல்ல தளமாக இருந்தாலும் நட்டநடுவை விட்டுவிட்டுத் தூணையோ உத்திரத்தையோ ஒட்டிய பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் தாங்கப்பட்ட தளம் நடுவில்தான் அதிகம் வளைகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி ஏற்கெனவே ஒரு டன்னாக உட்கார்ந்திருக்கும் பக்கமும் போகவேண்டாம்.

ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடைப் பிடித்துத் தொங்கிப் புல்லப் எடுப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஒரு முனையில் மட்டும் சுவரோடு பிணைந்த பலகை அது. தொங்கும்போது அதன் மேல்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவையைத் தாங்குவது மேலே இருக்கும் மெல்லிய கம்பிகள் மட்டும்தான். மழையும் உப்பும் முதலில் தின்பதும் அவற்றைத்தான். இரண்டு சுவருக்கு நடுவே, இரு முனையும் உள்ளே புதைந்த இரும்புக் குழாயில் தொங்குங்கள்.

தரைக்கு அடுத்தது காற்று. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். கடும் பயிற்சியில் அது அறுபதைத் தாண்டும். வாயால் மூச்சு வாங்குவதால் மூக்கின் வடிகட்டலும் தவறிப்போகும். பிஎம் 2.5 என்னும் நுண்துகளுக்கு நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. அதிகாலைக் காற்று தூய்மையானது என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வயல் சூழ்ந்த ஊருக்கு அது பொருந்தலாம். திருவொற்றியூருக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் மணலி. அங்கே சுத்திகரிப்பு ஆலையும் உரம், பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் இருக்கின்றன. இரவில் நிலம் குளிர்ந்து காற்று கரையிலிருந்து கடல் நோக்கி மெல்ல நகரும்போது, மணலியில் எழுந்தது திருவொற்றியூர் வழியாகவே போகவேண்டும். அமைதியான இரவில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றடுக்கு மூடிபோலப் புகையை அடக்கியும் வைக்கிறது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி கலையும். கோடையில் நண்பகலையொட்டிக் கடற்காற்று உள்ளே புகுந்ததும் திசை மாறி, திருவொற்றியூருக்குக் கடலிலிருந்து நேராகக் காற்று கிடைக்கிறது. மார்கழி வாடை வீசும் நாட்களில் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே இருக்கும் அனல்மின் நிலையங்களின் பக்கமிருந்து காற்று வருவதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

மாலை ஐந்து மணிக்குமேல், காற்று கிழக்கிலிருந்து வரும்போது மாடியில் பயிற்சி செய்வது இந்தப் பகுதிக்குப் பொருத்தமாகப் படுகிறது. டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் சாலையை ஒட்டிய தரைத்தள அறையைவிட மாடி எப்போதுமே மேல். ராயபுரத்திலும் மணலியிலும் காற்றின் தரத்தை அளக்கும் அரசு நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அந்த எண்களைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். எண் மோசமாக இருக்கும் நாளில் மூச்சு வாங்காத வேலையாக, கேனும் டியூபும் போதும். கயிற்றை மறுநாளைக்கு வையுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறித் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியதை இந்தப் பகுதி மறக்காது. விசித்திரமான நெடி வந்தால் அந்த நொடியே பயிற்சியை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிடவேண்டும். தனி மனிதர் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். காற்றைச் சுத்தமாக்கும் கடமை ஆலைகளுக்கும் வாரியத்துக்கும் உரியது, அதை நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

கடற்காற்று தூசியைத் தள்ளினாலும் ஈரத்தைக் கொண்டுவருகிறது. தசை செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாறுவதில்லை, மீதி வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆவியாகாமல் சொட்டிப்போகும் வியர்வையால் ஏறக்குறையப் பயனில்லை. ஈரக் காற்றில் நாம் நனைகிறோம், ஆனால் குளிர்வதில்லை. தோலை ஒட்டித் தேங்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிட ஒரு டேபிள் ஃபேன் போதும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் சித்திரை, வைகாசி மதியங்களில் எடை தூக்கவே வேண்டாம்.

ஆக வாங்கவேண்டியது தரைக்கு ரப்பர், வீட்டில் இல்லையென்றால் ஒரு ஃபேன். மிச்சமெல்லாம் ஏற்கெனவே தெருவிலோ வீட்டிலோ இருக்கிறது. இடம் ஒரு பாய் விரிக்கிற அளவு, கையை நீட்டினால் சுவரில் இடிக்காமல் இருந்தால் சரி. நாளைக்குக் கேன் வரும்போது தம்பியிடம் வாசலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மாடிக்கு நீங்களே சுமந்து போங்கள். போகிற வழியில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, மாலையில் மேலே கொஞ்சம் சத்தம் கேட்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்படியே அவர்கள் வீட்டுக் கூரையில் கீறல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.